வளவுக் கிணற்றில் ஓர் ஆய்வு

'மனிதனும் சுற்றாடலும்' என்ற தலைப்பில் ஒரு செயற்றிட்டம் செய்துவரச் சொன்னால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் பலர் முதலில் தேடுவது அமேசன் காட்டின் படத்தைத்தான். அடுத்தது உருகும் பனிப்பாறையில் நிற்கும் பனிக்கரடி. சிங்கராஜவனத்தைச் சேர்த்துவிட்டால் உள்ளூர் உதாரணமும் ஆயிற்று. அட்டை நன்றாக இருக்கும், எழுத்தும் அழகாக இருக்கும், ஆசிரியரும் புள்ளி போட்டுவிடுவார். அமேசன் அழிகிறது என்பது உண்மைதான். ஆனால் உரும்பிராயில் இருக்கிற பிள்ளை அதைப் பற்றிப் புதிதாகக் கண்டறிய ஒன்றுமில்லை. அதே பிள்ளையின் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. நாளாந்தம் குடிப்பது அந்தத் தண்ணீர். அதில் என்ன கரைந்திருக்கிறது என்று வீட்டில் கேட்டால், "நல்ல தண்ணி" என்பதற்கு மேல் பதில் வராது.

தெரியாத ஒன்றைத் தேடுவதுதான் ஆய்வு என்றால், தேட வேண்டிய இடம் வளவுக்குள்ளேயே இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான நிலம். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இங்கே இல்லை. வழுக்கையாற்றை ஆறு என்று சொல்வது மாரி காலத்தில் மட்டும் பொருந்தும். ஆண்டுக்குச் சராசரியாக 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழை. அந்த மழையில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி கடலுக்கு ஓடுகிறது. மிச்சம் மண்ணுக்குள் இறங்கி, மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லுக்குள் தங்குகிறது. குடாநாட்டு மக்களின் குடிநீர், குளிநீர், தோட்டத்து நீர் எல்லாம் பெரும்பாலும் இந்த மிச்சம்தான். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரிய நிலத்தடி நீர்ப்படுக்கைகள் உண்டு. வலிகாமத்தில் உள்ளதைச் சுன்னாகம் நீர்ப்படுக்கை என்பார்கள். செம்மண் தோட்டங்களின் நெருக்கமும் மக்கள் நெருக்கமும் அதன் மேல்தான் அதிகம்.

இந்தச் சுண்ணக்கல்லின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் யாழ்ப்பாணக் கிணற்றைப் புரிந்துகொள்ள முடியாது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்து, கறையான் அரித்த மரம்போல உள்ளே வெடிப்புகளையும் குழாய்களையும் குகைகளையும் உண்டாக்கிவிட்டது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அப்படிக் கரைந்த கல்தான். மணல் நிலத்தில் தண்ணீர் மெதுவாகக் கசிந்து, போகிற வழியில் ஓரளவு வடிக்கப்படும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அந்த வடிப்பு நடப்பதில்லை. மேலே விழுந்தது, சில வேளை சில நாட்களிலேயே, அப்படியே கீழே போய்ச் சேரும்.

இன்னொரு விடயம் நன்னீர் நிற்கும் விதம். குடாநாட்டின் அடியில் கடல்நீர் புகுந்திருக்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்ததால் அந்த உவர்நீருக்கு மேலே வில்லை வடிவத்தில் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் படோன் கைபனும், 1901இல் ஜேர்மனியில் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே ஒரே கணக்குக்கு வந்தார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025, இந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து வருவதுதான் 40. கணக்கை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாகக் குறைத்தால், கீழேயுள்ள உவர்நீர் நாற்பதடி மேலே ஏற இடமுண்டு. வெடிப்புள்ள கல்லில் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது, போக்கு இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றுக்குப் போகலாம். இராமர் அம்பு ஊன்றித் தண்ணீர் எடுத்த இடம் என்பது ஊர்க்கதை. அடியே இல்லாத கிணறு என்றும் சொல்வார்கள். 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலிலும் புத்தூர்க் கிணறு இடம்பெற்றது. அடி உண்டு, ஆனால் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். சுண்ணக்கல் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. வடமேற்கே கீரிமலையில் கடலுக்கு ஓரடி இப்பால் நன்னீர் ஊறுகிறது. ஆடி அமாவாசைக்குக் கூடுகிற சனம் நீராடுவது, உள்நாட்டில் பெய்து கல்லின் குழாய்களுக்குள்ளால் நடந்துவந்த மழையில்தான்.

இனி மனிதனின் பங்கு.

துலாக் காலத்தில் கிணறு தானாகவே காப்பாற்றப்பட்டது. துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் நின்று தண்ணி மாற ஒருவர் என மூன்று பேர் விடியற்காலையில் எழும்பினால்தான் இறைப்பு. பங்குக் கிணறு என்றால் முறையும் உண்டு. உன் முறை முடிந்தால் துலாவை விட்டு இறங்க வேண்டும். மனித உடம்பு களைப்பதுதான் நீர்ப்படுக்கைக்குக் காவல். பசளையும் அப்படித்தான்: குழை தாழ்ப்பார்கள், எரு போடுவார்கள், தோட்டத்தில் ஆட்டுப் பட்டி அடைப்பார்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் வந்தது; அதோடு யூரியா மூட்டையும் வந்தது. 1970களில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம். கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள். அந்தச் செழிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் ஒரு பகுதிக் கணக்கு கிணற்றுக்குள் எழுதப்பட்டது.

யூரியாவை மண்ணில் இட்டால், மண்ணிலுள்ள நொதியம் அதை முதலில் அமோனியமாக மாற்றுகிறது. பிறகு பற்றீரியாக்கள் அந்த அமோனியத்தை நைத்திரைற்றாகவும், அதிலிருந்து நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியம் நேரேற்றம் கொண்டது; மண்ணின் களித்துணிக்கைகள் மறையேற்றம் கொண்டவை என்பதால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நைத்திரேற்றும் மறையேற்றம் கொண்டது. மண் அதைப் பிடிக்காது. பயிர் உறிஞ்சியது போக மிஞ்சியது அடுத்த இறைப்போடோ அடுத்த மழையோடோ கீழே இறங்கிவிடும். வெங்காயத்தின் வேர் ஆழமில்லாதது. அதைத் தாண்டிய நைத்திரேற்று திரும்ப மேலே வருவது கிணற்று வழியாகத்தான்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். மட்பாண்ட வடிகட்டியும் அதைத் தடுக்காது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இந்த வரம்பு வந்த கதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து தொடங்குகிறது. 1945இல் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததை எழுதினார். குழந்தையின் குடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறுகிறது. அது இரத்தத்தில் ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றிவிடுகிறது. அப்படி மாறிய ஈமோகுளோபினால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. புற்றுநோயைப் பற்றிய பேச்சும் ஊரில் நிறைய உண்டு. உடலுக்குள் நைத்திரோசோச் சேர்வைகள் உண்டாகும் நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றைப் 'பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் சேர்த்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "யாழ்ப்பாணத்துப் புற்றுநோய்க்குக் காரணம் கிணற்று நீர்" என்று ஒரு மாணவர் தன் அறிக்கையின் முடிவில் எழுதினால், நான் ஆசிரியராக இருந்தால் அந்த வரியை வெட்டிவிடுவேன். பத்துப் போத்தல் தண்ணீர் அந்த முடிவைத் தாங்காது.

பத்துப் போத்தல் தாங்கக்கூடிய முடிவு வேறு ஒன்று உண்டு. தோட்டக்காரருக்கு அது உடனே பயன்படும். ஒரு கிணற்று நீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைதரசன் நைத்திரேற்று வடிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு கன மீற்றர் நீரில் 10 கிராம். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 250 சதுர மீற்றர். வெங்காயம் நட்டுக் கிண்டும் வரை மொத்தம் 500 மில்லிமீற்றர் உயரத்துக்கு இறைத்தால், ஒரு பரப்புக்கு 125 கன மீற்றர் நீர். அதனோடு 1,250 கிராம் நைதரசன். நான்கு பரப்பென்றால் 5 கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால், இது ஏறக்குறைய 11 கிலோ யூரியாவுக்குச் சமம். தோட்டக்காரர் காசு கொடுத்து வாங்காத 11 கிலோ, வாய்க்கால் வழியே வந்து பாத்திக்குள் இறங்கியிருக்கிறது. அவருக்கு அது தெரியாது. அதனால் மூட்டையிலிருந்தும் முழு அளவையும் போடுகிறார். மிஞ்சியது மறுபடி கிணற்றுக்கு. ஒரு சாதாரண தர மாணவி கல்குலேற்றர் இல்லாமலே செய்யக்கூடிய கணக்கு இது. தேவையான ஒரே எண், அந்தக் கிணற்றின் நைத்திரேற்று அளவு.

இங்கே அடிக்கடி சறுக்குகிற ஓர் இடம் உண்டு. சில சோதனைத் தாள்களும் கருவிகளும் அளவை நைத்திரேற்றாகக் காட்டும். சில, நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் காட்டும். 50 மில்லிகிராம் நைத்திரேற்றும் 11.3 மில்லிகிராம் நைத்திரேற்று-நைதரசனும் ஒன்றே. ஒன்றை மற்றதாக எடுத்தால் விடை நான்கு மடங்குக்கு மேல் பிழைக்கும். நல்ல கிணற்றை நஞ்சென்றும், கெட்ட கிணற்றை நல்லதென்றும் எழுதிவிடலாம். அதேபோல், கரைந்துள்ள மொத்தத் திண்மங்களைக் காட்டுகிற பேனை வடிவக் கருவியை நீரில் தோய்த்துப் பார்த்து "தண்ணி நல்லது" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் கருவி உப்பின் மொத்த அளவைச் சொல்லும். அதில் எவ்வளவு நைத்திரேற்று, கிருமி இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நைத்திரேற்று தோட்டத்திலிருந்து மட்டும் வருவதில்லை. யாழ்ப்பாண நகரத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. இரண்டு பரப்பு வளவில் கிணறும் மலக்குழியும் இருக்கும். மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டு மலக்குழி இருக்கும். மனிதக் கழிவிலுள்ள நைதரசனும் கடைசியில் நைத்திரேற்றாகத்தான் கிணற்றுக்கு வரும். வெடிப்புள்ள கல்லில் ஐம்பதடி இடைவெளி விட்டோம் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். அப்படியானால் ஒரு கிணற்றில் உள்ள நைத்திரேற்று யூரியாவா, மலக்குழியா? பல்கலைக்கழக மட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நைதரசனுக்கு 14, 15 என இரண்டு நிலையான சமதானிகள் உண்டு. செயற்கைப் பசளையிலும் கழிவிலும் அவற்றின் விகிதம் வேறுபடுவதால், நீரிலுள்ள விகிதத்தை அளந்து மூலத்தை ஊகிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அந்தக் கருவி எட்டாது. ஆனால் அதே கிணற்றில் மலக் கிருமிச் சோதனையும் செய்து, சுற்றிலும் உள்ளவற்றை வரைந்துவைத்தால் பாதித் தூரம் போகலாம்.

யாழ்ப்பாணத்து மாணவருக்கு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. அதை வாய்ப்பு என்று எழுதவே கை கூசுகிறது. ஆய்வுகூடத்தில் ஒரு காரணியை மாற்றிப் பார்ப்பதுபோல, இந்த மண்ணில் பசளையையும் இறைப்பையும் வரலாறு திடீர் திடீரென நிறுத்தியிருக்கிறது.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. யூரியா தடை, மண்ணெண்ணெய் கட்டுப்பாடு, பற்றறி தடை, சீமெந்து தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கும். பசளை இல்லாமலும் மெசினுக்கு எண்ணெய் இல்லாமலும் குடாநாட்டுத் தோட்டங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. கிணற்றில் நைத்திரேற்று குறைந்ததா? எவ்வளவு காலத்தில்? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு சித்திரை வரை ஆயிரக்கணக்கான கிணறுகளில் ஒரு வாளி தண்ணீர்கூட அள்ளப்படவில்லை. நீர்மட்டம் எப்படி மாறியது, உவர் பின்வாங்கியதா? வலிகாமம் வடக்கில் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கங்களில் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழப்படவே இல்லை. போருக்குப் பின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திரும்பக் கிடைத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் தோட்டம் செய்துவந்த காணி, அந்தப் பக்கம் பற்றை மூடிக் கிடந்த காணி. இரண்டின் அடியிலும் ஒரே சுண்ணக்கல். இப்படியொரு ஒப்பீட்டை எந்தப் பல்கலைக்கழகமும் காசு கொடுத்து ஏற்பாடு செய்ய முடியாது.

கடைசியாக, 2021 வைகாசியில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. அதே ஆண்டு கார்த்திகையில் விலக்கியது. அடுத்த ஆண்டு எரிபொருள் வரிசை. அப்போது கிணறுகளில் நடந்தது என்ன?

இவற்றில் எந்தக் கேள்விக்கும் உரிய பதில் எண்களில் வர வேண்டும். போரின் நடுவில் போத்தலைக் கொண்டு ஓட யாரையும் எதிர்பார்க்க முடியாது; அந்த இடைவெளியை மன்னிக்கலாம். 1980களிலேயே குடாநாட்டுக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்துவிட்டன என்பதை மறக்கக் கூடாது. போருக்குப் பிறகு, 2011இல் சுன்னாகம் நீர்ப்படுக்கையில் 44 கிணறுகளை ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. பெரும்பாலான கிணறுகள் வரம்புக்குள் இருந்தன, ஒரு பகுதி வரம்பைத் தாண்டியது, தாண்டியவை தோட்டச் செய்கையோடு தொடர்புபட்டவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்திலும் புவியியற்றுறையிலும் இறுதியாண்டு மாணவர்கள் பலர் நிலத்தடி நீரையே ஆய்வுக்கு எடுக்கிறார்கள். என் மனக்குறை வேறு. ஒரு மாணவர் ஓர் ஆண்டு பத்துக் கிணறு பார்க்கிறார், பட்டம் வாங்கிப் போகிறார். அடுத்த ஆண்டு வருகிறவர் வேறு ஊரில், வேறு மாதத்தில், வேறு முறையில் வேறு பத்துக் கிணறு பார்க்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாடசாலைச் செயற்றிட்டங்களின் கதி இன்னும் மோசம். புள்ளி போட்டு முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன.

தொடர்ந்த பதிவு இல்லாததன் விலையைச் சுன்னாகத்தில் கண்டோம். மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாகவும் மணப்பதாகவும் எழுந்த முறைப்பாடு 2014, 2015 அளவில் போராட்டமாக வெடித்தது. எண்ணெய் கலந்திருக்கிறதா, எவ்வளவு, எங்கிருந்து என்ற கேள்விகளுக்கு அதிகாரிகளிடமிருந்தும் நிபுணர் குழுக்களிடமிருந்தும் ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் வந்தன. போர்க்காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகள் சேதமடைந்த பழைய கதையும் குறுக்கே நின்றது. குடும்பங்கள் பவுசர் தண்ணீரில் வாழ்ந்தன. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி அங்கே இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளின் பதிவு ஒரு பாடசாலை அலுமாரியில் இருந்திருந்தால், எது பழையது எது புதியது என்பதில் இத்தனை ஆண்டு வாதம் வேண்டியிருந்திருக்காது.

மாணவர் அளந்ததை யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பிளின்ற் நகரத்தைச் சொல்ல வேண்டும். 2014இல் செலவைக் குறைப்பதற்காக அந்த நகரத்தின் குடிநீர் மூலத்தை மாற்றினார்கள். தண்ணீர் நிறம் மாறி வந்தது. அதிகாரிகள் எல்லாம் சரி என்றார்கள். 2015இல் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் சுமார் 300 மாதிரிப் போத்தல் பொதிகளை அங்குள்ள வீடுகளுக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்த முறைப்படி மக்களே நீர் பிடித்துக் கொடுத்தார்கள்; 250க்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. ஈயம் கலந்திருப்பது வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஒக்டோபரில் பழைய மூலத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அவர்கள் வென்றது உணர்ச்சியால் அல்ல. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் போத்தல், ஒரே மாதிரி முறை, ஒழுங்கான பதிவு.

நம்முடைய கிணற்றுக்கும் அதே ஒழுங்குதான். விடியக் காலையில், மோட்டர் போட முன்னர் போக வேண்டும். நூலின் நுனியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டி இறக்கி, கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். கட்டு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் ஒருமுறை அளந்து எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு கட்டைப் புதுப்பித்து உயர்த்தும்போது பழைய எண்கள் எல்லாம் வீண். வாளியால் அள்ளி, அதே நீரில் போத்தலை மூன்று முறை அலசி, நிரப்பி மூடி, கிணற்றின் இலக்கம், திகதி, நேரம் எழுதி ஒட்ட வேண்டும். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ்கட்டி போட்டு அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் வைத்த போத்தலில் பற்றீரியா தன் வேலையைச் செய்து எண்ணை மாற்றிவிடும். பிறகு ஒரு பக்கத்தில் வளவை வரைய வேண்டும். மலக்குழி எங்கே, மாட்டுக் கொட்டில் எங்கே, எருக்கும்பி எங்கே, தோட்டம் எந்தப் பக்கம், கடைசியாக எப்போது யூரியா போட்டார்கள், கடைசியாக எப்போது மழை. வீட்டம்மாவிடம் கேட்டால் இவற்றில் பாதி தானாகவே கதையாக வரும். அந்தக் கதையையும் எழுதிக்கொள்ளலாம்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். உவர் தன்மை தெரியவருவது அப்போதுதான். மாரி தொடங்கிய பிறகு, மண்ணில் தேங்கிக் கிடந்த நைத்திரேற்றை மழை கழுவி இறக்கும். ஆண்டுக்கு ஒரு தடவை அளந்தால் இந்த இரண்டில் ஒன்று தப்பிவிடும். எனவே குறைந்தது இரண்டு தடவை, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில். கிணறுகள் அதிகம் வேண்டியதில்லை. செம்மண் தோட்டத்தில் ஒன்று, நெருக்கமான குடியிருப்பில் ஒன்று, தோட்டமும் குடியிருப்பும் குறைந்த இடத்தில் ஒன்று இருந்தால் ஒப்பிட முடியும். ஐம்பது கிணற்றை ஒருமுறை அளப்பதைவிட மூன்று கிணற்றைப் பத்து ஆண்டு அளப்பது இந்த மண்ணுக்கு அதிகம் சொல்லும்.

முடிவை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விடக் கூடாது. தண்ணீர் தந்தவருக்கு அதை அறியும் உரிமை உண்டு. ஆனால் பெயரோடு சுவரில் ஒட்டவும் கூடாது. காணி விலைக்கும் கலியாணப் பேச்சுக்கும் கிணற்று நீர் சம்பந்தப்படுகிற ஊர் இது. நைத்திரேற்று வரம்பைத் தாண்டியிருந்தால், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள், கொதிக்கவைப்பது இதற்குப் பயனில்லை என்று சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரியப்படுத்தினால் மாணவரின் கடமை முடிந்தது.

தாழையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தருகிற நிலையம் 2024இல் திறக்கப்பட்டுவிட்டதே, இனிக் கிணறு எதற்கு என்று கேட்கலாம். குழாய் நீர் குடிக்க வரும், வெங்காயத்துக்கு வராது. தோட்டம் இருக்கும் வரை இறைப்பு இருக்கும், மலக்குழியும் இருக்கும். குழாய் வந்த வீட்டில் கிணற்றைக் கவனிக்கும் கண் குறையும் என்பதே என் பயம். குப்பை கொட்டும் குழியாகக் கிணற்றை மாற்றிவிட்டால், அதே சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியாக அது அடுத்த ஊரின் தோட்டத்துக்குப் போகும்.

பாடசாலைகளில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கிறது. உயர்தர வகுப்புகளில் புவியியலும் உயிரியலும் இரசாயனவியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தப் புரட்டாதியில், மழை விழ முன்னர், பாடசாலைக்கு அண்மையில் மூன்று கிணறுகளைத் தெரிந்தெடுத்து அளவைத் தொடங்குங்கள். பதிவை ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள். பிள்ளை பரீட்சை எடுத்துப் போனாலும் கொப்பி பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். அடுத்த வகுப்புப் பிள்ளை அதே கிணறுகளுக்குப் போய் அடுத்த வரியிலிருந்து எழுதட்டும்.